பல்லு போனா சொல்லு போச்சு!

(தலைப்பு: பேச்சுக்குப் பெரிதும் துணை நிற்பது நாக்கா? பல்லா? ‘பல்லே’ என்னும் அணியில் நிறைவாகப் பேசிய திருச்சி புத்தூர்ப் பேச்சாளரின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வாதங்களை அள்ளி வீசிவிட்டு ஒன்றும் அறியாதவர்கள் போல அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்பும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நடுவர் அய்யா, நான் இப்ப கடைசியா என்ன சொன்னேன்? ‘வணக்கம்’னு சொன்னேன். எல்லாரும் என்னோட சேர்ந்து ஒரு தடவை மெதுவாச் சொல்லிப் பாருங்க. வ... ணக்கம். அந்த ‘வ’ வரும்போது வாயிலே என்ன நடக்குது? கீழ் உதடு மேலே போயி மேல்பல்லைத் தொடுது. அந்த நேரத்துல நாக்கு என்ன பண்ணுது? சும்மா படுத்துக் கிடக்குது! (சிரிப்பு, கைதட்டல்) ‘நாக்குதான் பெரிசு’ன்னு மார்தட்டிக்கிட்டு வந்தாரே எதிரணித் தலைவர், அவர் இந்த சபையிலே சொன்ன முதல் எழுத்தே பல்லு போட்ட பிச்சை! (பலத்த கைதட்டல்)

நடுவர்: ஆரம்பத்துலேயே கடிச்சிட்டீங்களே!

பல் அணி இல்லீங்களா அய்யா! (சிரிப்பு)

எதிரணியிலே ஒரு அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. ‘வள்ளுவர் நாக்கைத்தான் காக்கச் சொன்னாரு. பல்லைக் காக்கச் சொன்னாரா?’ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. ஏம்மா, வீட்டுல எதைப் பத்திரமாப் பார்த்துக்கச் சொல்லுவோம்? சமத்தா இருக்கிற பிள்ளையையா? சுவர் ஏறிக் குதிக்கிற பிள்ளையையா? (சிரிப்பு) நாக்கு சுவர் ஏறிக் குதிக்கிற பிள்ளை. அதைக் காக்கறதுக்குத்தான் முன்னாடி வரிசையா 32 பேரைக் காவலுக்கு நிறுத்தி வெச்சிருக்கு. காவல் காக்கிறவன் பெரியவனா, காவல்ல இருக்கிறவன் பெரியவனா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

சரி, வேடிக்கை போகட்டும். விஷயத்துக்கு வர்றேன். நமக்குக் கிடைச்சிருக்கிற தமிழ் இலக்கண நூல்கள்ல மூத்தது தொல்காப்பியம். அதுல எழுத்ததிகாரத்துல பிறப்பியல்னு ஒரு பகுதி. எந்த எழுத்து வாயிலே எந்த இடத்துல பிறக்குதுன்னு சொல்ற பகுதி. எக்ஸ்ரே கிடையாது, டாக்டர் கையில இருக்கிற சின்னக் கண்ணாடி கிடையாது, டார்ச் லைட் கிடையாது. தன் வாயைத் தானே கவனிச்சு அந்த மனுஷன் எழுதியிருக்காரு. காத்து தங்கற இடம் தலை, கழுத்து, நெஞ்சுன்னு மூணு. அதை எழுத்தாக்குற உறுப்பு பல்லு, உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம்னு அஞ்சு. மொத்தம் எட்டு இடம். அய்யா, அந்த அஞ்சுல அவர் முதல்ல சொன்னது எதை? பல்லை! நாக்கு மூணாவதா நிக்குது! (கைதட்டல்)

நடுவர்: இருங்க, இருங்க. நன்னூல்ல பவணந்தியார் உதடு, நாக்கு, பல்லுன்னு வரிசை சொல்றாரே? அங்கே நாக்கு முன்னாடி வருதே!

வருதுங்க அய்யா, ஒத்துக்கறேன். தொல்காப்பியர் தாத்தா, பவணந்தியார் பேரன். பேரன் வரிசையை மாத்தி நிக்கலாம். தாத்தா போட்ட பந்தியிலே முதல் இலை பல்லுக்குத்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

இப்ப கணக்குப் பார்ப்போம். தமிழ்ல மெய்யெழுத்து 18. க, ங ரெண்டுக்கும் நாக்கோட அடி. ச, ஞ ரெண்டுக்கும் நாக்கோட நடு. ட, ண ரெண்டுக்கும் நாக்கு நுனி. இதெல்லாம் அண்ணத்துல போய் முட்டுற எழுத்து. இதை எதிரணிக்கு எழுதிக் கொடுத்துடறேன். ப, ம ரெண்டும் உதடு. அதுல யாருக்கும் பங்கில்லை. ஆனா த, ந வரும்போது என்ன சொல்றாரு? நாக்கு நுனி நல்லாப் பரந்து, மேல்பல்லோட அடியில போய் ஒட்டணும்ங்கறாரு. வ-வுக்கு மேல்பல்லும் உதடும் சேரணும்ங்கறாரு. ல, ள ரெண்டுக்கும் நாக்கோட ஓரம் தடிச்சு, மேல்பல்லோட அடியைப் போய்ச் சேரணும்ங்கறாரு. ஆக பல்லு நேராக் கைகொடுக்கிற எழுத்து த, ந, வ, ல, ள. அஞ்சு எழுத்து.

‘ப்பூ, 18-ல அஞ்சுதானா’ன்னு எதிரணி சிரிக்கிறாங்க. அய்யா, ஆளை எண்ணாதீங்க, ஆள் யாருன்னு பாருங்க! தாய் ‘த’. தந்தை ‘த’. தம்பி, தங்கை, தாத்தா எல்லாம் ‘த’. நான் ‘ந’. நீ ‘ந’. நாமன்னு சேர்ந்து நின்னாலும் ‘ந’. நட்பு, நன்றி, நாணயம், நம்பிக்கை எல்லாம் ‘ந’. ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிடணும்னா ‘வா’. மனசார வாழ்த்தணும்னா ‘வாழ்க’. நம்ம மொழியோட பேரே ‘த’வுலதான் தொடங்குது! ஆனா ‘அம்மா’, ‘அப்பா’ சொல்லப் பல்லு வேண்டாம், உதடு போதும். ஏன்னா அதைச் சொல்ற வயசுல குழந்தைக்குப் பல்லு கிடையாது. அம்மா அப்பாவைத் தாண்டி மத்த சொந்தத்தைக் கூப்பிடத்தான் பல்லு முளைக்குது! (கைதட்டல்)

நடுவர்: பல்லு முளைக்காத குழந்தைகூட ‘தா... தா...’ன்னு சொல்லுதே?

சொல்லுதுங்க அய்யா. ஈறுல நாக்கைத் தட்டிச் சொல்லுது. சாயல் வரும். சுத்தம் வர்றதுக்குப் பல்லு வரணும். சாயல்லேயே தாத்தா சொத்தை எழுதி வெச்சிடறாரு, அது வேற விஷயம்! (சிரிப்பு)

நம்ம முன்னோர் இதுல எவ்வளவு நுணுக்கமா இருந்தாங்கன்னு பாருங்க. பள்ளிக்கூடத்துல ‘ரெண்டு சுழி ன, மூணு சுழி ண’ன்னு படிச்சோம். பழைய வாத்தியாருங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. தந்நகரம், றன்னகரம், டண்ணகரம்னு சொல்லுவாங்க. ‘பந்து’ன்னு சொல்லுங்க, த-வுக்கு முன்னாடி வர்றது தந்நகரம், நாக்கு பல்லுல ஒட்டும். ‘கன்று’ன்னு சொல்லுங்க, ற-வுக்கு முன்னாடி வர்றது றன்னகரம், நாக்கு பல்லை விட்டு மேலே ஏறிடும். ‘வண்டு’ன்னு சொல்லுங்க, ட-வுக்கு முன்னாடி வர்றது டண்ணகரம், நாக்கு இன்னும் உள்ளே மடங்கிடும். பல்லு, மேடு, அண்ணம்னு மூணு வீடு, மூணு எழுத்து. இன்னிக்குப் பேச்சுல ந-வும் ன-வும் பெரும்பாலும் ஒண்ணாப் போச்சு. பக்கத்துல மலையாளத்துக்காரங்க இன்னும் பிரிச்சுச் சொல்றாங்க.

வெள்ளைக்காரர் இங்கே வந்தப்ப இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டாரு. டிக்கெட், டாக்டர், டவுன்னு சொல்ற ஒலி இருக்கே, அதை அவர் பல்லைத் தொட்டுச் சொல்றதில்லை. பல்லுக்கு மேலே இருக்கிற ஈறு மேட்டைத் தொட்டுச் சொல்றாரு. நம்ம காதுக்கு அது ‘ட’ மாதிரி விழுந்துச்சு, நாம ட போட்டு எழுதிக்கிட்டோம். அவர் காதுக்கு நம்ம ‘த’வும் அவர் ஊரு ஒலியாட்டம் விழுந்துச்சு. விளைவு என்ன ஆச்சு? திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாபொலி’ ஆச்சு. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆச்சு. தூத்துக்குடி ‘ட்யூட்டிகொரின்’ ஆச்சு. மூணு ஊருக்கும் முன்பல்லைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இன்னிக்கும் நாம லலிதா, கீதா, புத்தூர்னு இங்கிலீஷ்ல எழுதும்போது டி எழுத்துக்குப் பக்கத்துல ஒரு ‘எச்’சைப் போட்டு முட்டுக் கொடுக்கறோம். வடநாட்டுல எச் இல்லாமலேயே கீதான்னு எழுதிடறாங்க. நம்ம பக்கம் மட்டும் ஏன்? எச் போடலேன்னா ‘கீட்டா’ன்னு படிச்சிடுவாங்களோன்னு பயம். அந்த எச் என்ன தெரியுங்களா அய்யா? இங்கிலீஷ் எழுத்துக்கு நாம கட்டின பொய்ப்பல்லு! (கைதட்டல்)

எழுத்துக்குப் பல்லு வேணும்கிறதை இதுவரைக்கும் பார்த்தோம். இப்ப பல்லுக்கு எழுத்து வேணும்கிறதைச் சொல்றேன். இது என் வீட்டுல நடந்தது.

நான் திருச்சி புத்தூர்க்காரன். புத்தூர்னா சுத்துப்பட்டு ஜனங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பெரியாஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிற மருத்துவக் கல்லூரி 1997-ல தொடங்கினது. அதுக்கு வெச்சிருக்கிற பேரு ஒரு டாக்டர் பேரு இல்லீங்க. முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பேரு. வைத்தியமும் தமிழும் ஒரே பெயர்ப் பலகையில நிக்கிற ஊரு எங்க ஊரு. (கைதட்டல்)

என் மகளுக்கு அப்போ எட்டு வயசு. பல்வலின்னு ராத்திரி பூரா அழுதா. எனக்கும் என் மனைவிக்கும் ஒரு நினைப்பு. ‘பால்பல்லுதானே, விழப்போற பல்லுதானே, தானா விழுந்துடும்.’ கிராம்பை வெச்சு ரெண்டு மாசம் ஓட்டிட்டோம். கடைசியில முகம் வீங்கினப்புறம் பல் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். அவர் வாயைத் திறந்து பார்த்துக்கிட்டே நர்ஸ்கிட்ட சொல்றாரு: ‘டி நல்லாருக்கு. இ-ல சின்ன சொத்தை. நாப்பத்தாறு போச்சு.’

என் மனைவிக்கு ஒண்ணும் புரியலை. ‘என்னங்க, நம்ம பொண்ணைவிட அவ பல்லு நல்லா ஏ, பி, சி, டி படிச்சிருக்கே’ன்னாங்க. (சிரிப்பு) எனக்கு வேற சந்தேகம். ‘டாக்டர், மனுஷனுக்கு மொத்தமே 32 பல்லுதானே? என் பொண்ணுக்கு 46-வது பல்லு எங்கேருந்து வந்துச்சு?’ன்னு கேட்டேன். (பலத்த சிரிப்பு)

அந்த டாக்டர் நல்ல மனுஷர். ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு போட்டாரு. ‘வாயை நாலு வீடாப் பிரிச்சுக்குங்க. வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. நடுவுலேருந்து எண்ணிக்கிட்டே போனா ஒவ்வொரு வீட்டுலயும் எட்டு பல்லு. 46-ன்னா நாப்பத்தாறு இல்லை. நாலு, ஆறு. நாலாவது வீட்டுல ஆறாவது பல்லு’ன்னாரு. அஞ்சல் அலுவலகத்துல பின்கோடு போடற மாதிரி பல்லுக்கு விலாசம் போட்டு வெச்சிருக்காங்க அய்யா!

இந்த விலாசத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கு. 1861-ல வியன்னாவுல அடோல்ஃப் சிக்மாண்டின்னு ஒருத்தர் அந்தக் கூட்டல் குறியைப் போட்டுப் பல்லுக்கு எண் கொடுத்தாரு. அமெரிக்காவுல பால்மர்னு ஒரு பல் வைத்தியரும் அதே மாதிரி ஒரு முறையைக் கொண்டு வந்தாரு. பெரியவங்க பல்லுக்கு 1, 2, 3-ன்னு எண். குழந்தைங்க பால்பல்லு ஒரு வீட்டுக்கு அஞ்சுதான், அதுக்கு ஏ, பி, சி, டி, இ-ன்னு எழுத்து. பிற்பாடு கூட்டல் குறியைத் தட்டச்சு மெஷின்ல அடிக்கக் கஷ்டமா இருக்குன்னு, உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970-களோட தொடக்கத்துல இந்த ரெண்டு எண் முறையை ஏத்துக்கிச்சு. அமெரிக்காக்காரர் தனி வழி. அவர் 1-லேருந்து 32 வரைக்கும் நேரா எண்ணிடுவாரு. பால்பல்லு இருபதுக்கும் ஏ-யிலேருந்து டி வரைக்கும் இருபது எழுத்து.

இதுல என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. 16-ன்னு எழுதினா திருச்சி டாக்டருக்கு அது வலது பக்கம் மேலே ஆறாவது பல்லு. அதே 16 அமெரிக்கா டாக்டருக்கு இடது பக்கம் மேலே கடைசிப் பல்லு! எந்த முறைன்னு தெரியாமப் படிச்சா என்ன ஆகும்? நல்ல பல்லு கிளம்பிடும், சொத்தைப் பல்லு சௌக்கியமா இருக்கும்! (சிரிப்பு) சுழி ஒண்ணு கூடினா மனம் மணமாகும். முறை மாறினா வலது இடதாகும். எழுத்துல கவனம் வேணும்னு தமிழ் வாத்தியார் மட்டும் சொல்லலை, பல் டாக்டரும் சொல்றாரு. (கைதட்டல்)

நம்ம பெரியவங்க ஒரு சொலவடை சொல்லுவாங்களே, ‘ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி, நாலும் ரெண்டும் சொல்லுக்கு உறுதி’ன்னு. நாலுன்னா நாலடியார், ரெண்டுன்னா திருக்குறள். பல்லையும் சொல்லையும் ஒரே வரியில கட்டி வெச்சிருக்காங்க பார்த்தீங்களா? இதை நான் அந்த டாக்டர்கிட்ட சொன்னேன். அவர், ‘நாலு ரெண்டா? அது கீழ்ப்பல்லு, வலது பக்கம், நடுவுலேருந்து ரெண்டாவது’ன்னாரு! (பலத்த சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்ப தாய்மார்கள் எல்லாம் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. டாக்டர் என் மகளைப் பத்திச் சொன்னது இதுதான். ‘எழுத்து போட்ட பல்லு விழுந்து முளைக்கும். எண் போட்ட பல்லு விழுந்தா முளைக்காது. இந்த ஆறாம் எண் பல்லு ஆறு வயசு வாக்குல வருது. எந்தப் பல்லும் விழாம, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாம முளைக்குது. பல்லு ஒண்ணும் விழலியேன்னு நீங்க இதையும் பால்பல்லுன்னு நினைச்சுட்டீங்க. இது அவ அறுபது, எழுபது வயசு வரைக்கும் மெல்ல வேண்டிய பல்லு.’

அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாப் போச்சு அய்யா. எட்டு வயசுல. எழுத்துக்கும் எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு தகப்பனாலே. (அரங்கில் அமைதி)

பால்பல்லையும் விட்டுடக் கூடாது. அது பின்னாடி வர்ற பல்லுக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கு. அது முன்கூட்டியே போயிட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துக்கும். வர்றது தெத்துப்பல்லா வரும். அதனால ஆறு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுல, இன்னிக்கு ராத்திரி பல்லு தேய்க்கும்போது வாயைத் திறந்து ஒரு தடவை பாருங்க. கடைசியில பெரிசா ஒரு பல்லு தெரிஞ்சா, அதுதான் அந்த ஆறு.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன் அய்யா. மணி அடிச்சிடாதீங்க.

நடுவர்: பேசுங்க, பேசுங்க.

எங்கப்பா பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் திருச்சி டவுனுக்குள்ள டிக்கெட் கொடுத்தவரு. அவர் படிக்கட்டுல நின்னு கூப்பிட்டா அடுத்த ஸ்டாப்புல இருக்கிறவனுக்குக் கேக்கும். ‘தில்லைநகர்... தென்னூர்... புத்தூர் நால்ரோடு... திருவானைக்காவல்...’ இப்ப யோசிச்சுப் பார்க்கறேன். அத்தனை பேர்லயும் த இருக்கு. ந இருக்கு. வ இருக்கு. அவர் சோறு தின்னதே பல்லெழுத்தை வெச்சுத்தான்.

ரிட்டையர் ஆன பிறகு ஈறு நோய் வந்து, மேலே முன்பல்லு நாலும் ஒண்ணொண்ணா ஆடி விழுந்துச்சு. ‘வயசான காலத்துல பல்லு எதுக்கு, பேரனா கொஞ்சப் போறான் பல்லைப் பார்த்து’ன்னு சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம்.

ஒருநாள் ஜங்ஷன்ல பஸ் ஏறியிருக்காரு. கூட்டம். சின்னப் பையன் ஒருத்தன் கண்டக்டர். இவர் காசை நீட்டி ‘புத்தூர்’னு சொல்லியிருக்காரு. நாக்கு போய் ஒட்டறதுக்குப் பல்லு இல்லை. காத்தெல்லாம் அந்த ஓட்டை வழியாப் போயிடுது. அந்த இரைச்சல்ல ‘புத்தூர்’ல த் போயிட்டா என்ன மிச்சம்? ‘ஊர்’ மட்டும்தான் மிச்சம். அந்தப் பையன், ‘எந்த ஊர் பெரியவரே? உறையூரா? தென்னூரா? சரியாச் சொல்லும்யா’ன்னு கேட்டிருக்கான். இவர் மறுபடியும் சொல்லியிருக்காரு. மூணாவது தடவையும் சொல்லியிருக்காரு. பஸ்ஸுல நாலு பேர் சிரிச்சிருக்காங்க. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஊரு பேரைச் சொன்ன மனுஷனுக்கு, தன் ஊரு பேரைச் சொல்ல முடியலை.

இதை அவர் எங்ககிட்ட சொல்லலை. நாங்க பார்த்தது ஒண்ணுதான். அப்பா பேச்சைக் குறைச்சுக்கிட்டாரு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா ‘நீங்க போயிட்டு வாங்க’ன்னு கையைக் காட்டுவாரு. டெலிபோன் அடிச்சா எடுக்க மாட்டாரு. பேசினா துண்டால வாயை மூடிக்கிட்டுப் பேசுவாரு. வயசாச்சு, அமைதியாயிட்டாருன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்.

ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது என் மனைவி பையில கைவிட்டுப் பார்த்தாங்க. நாலா மடிச்ச ஒரு சீட்டு. அதுல பெரிய எழுத்துல ‘புத்தூர் – ஒன்று’ன்னு எழுதியிருக்கு. (அரங்கில் அமைதி) பஸ்ஸுல ஏறினா வாயைத் திறக்காம அந்தச் சீட்டைத்தான் கண்டக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருந்திருக்காரு. எத்தனை மாசமோ தெரியலை. மடிப்புல காகிதம் கிழிஞ்சு போயிருந்துச்சு.

மறுநாளே அவரை அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பார்த்துட்டு எழுதச் சொன்னாரு, ‘பன்னெண்டு, பதினொண்ணு, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு.’ எங்கப்பா துண்டை எடுத்துட்டு என்னைப் பார்த்துக் கேட்டாரு, ‘என்னடா, ரூட்டு நம்பரா?’ன்னு. (சிரிப்பு, கைதட்டல்) ரொம்ப நாளைக்கப்புறம் அவர் அடிச்ச முதல் ஜோக் அதுதான்.

பல்லு கட்டினாங்க. கட்டின உடனே எல்லாம் சரியாயிடலை. வாயிலே கூழாங்கல்லைப் போட்ட மாதிரி இருக்குன்னாரு. எச்சில் ஊறிச்சு, பேச்சு இன்னும் குழறுச்சு. ‘பழகணும் பெரியவரே, தினமும் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிங்க’ன்னு டாக்டர் சொன்னாரு. எங்கப்பா காலையில திண்ணையில உட்கார்ந்து தலைப்புச் செய்தியிலேருந்து வரி விளம்பரம் வரைக்கும் தெருவுக்கே படிச்சாரு. பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் வாங்கறதையே நிறுத்திட்டாரு! (பலத்த சிரிப்பு)

ஒரு மாசம் கழிச்சு நானும் அவரும் பஸ்ஸுல போனோம். கண்டக்டர் வந்தாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா சொன்னாரு, ‘புத்தூர் ரெண்டு.’ கண்டக்டர் மறுபேச்சுப் பேசாம டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. அவருக்கு அது ஒண்ணுமே இல்லை. எங்கப்பா அந்த டிக்கெட்டை இறங்கற வரைக்கும் கையிலேயே வெச்சுப் பார்த்துக்கிட்டு வந்தாரு. நால்ரோடு வந்ததும் எழுந்து நின்னாரு. பழைய குரல் வந்துச்சு. ‘புத்தூர் நால்ரோடு! இறங்கறவங்க எல்லாம் முன்னாடி வாங்க!’ பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. (நீண்ட கைதட்டல்)

நடுவர் அய்யா, எங்கப்பாவுக்கு நாக்கு எப்பவும் இருந்துச்சு. ஒரு நாளும் அது எங்கேயும் போகலை. நாக்குதான் பேச்சுன்னா, அந்தச் சீட்டு எதுக்கு? ‘பல்லு பின்னாடி வந்து முன்னாடி போயிடும், நாக்கு பிறப்புலேருந்து கடைசி வரைக்கும் கூட வரும்’னு எதிரணியிலே சொன்னாங்க. உண்மை. அதனாலதான் சொல்றேன், கூடவே வர்றதைப் பத்திக் கவலை வேண்டாம். போயிடக் கூடியதைத்தான் போகுமுன்னே பார்த்துக்கணும்.

இன்னொரு தடவை தலைப்பைப் பாருங்க. ‘பேச்சுக்குப் பெரிதும் துணை நிற்பது’ எதுன்னுதான் கேட்டிருக்கீங்க. பேசறது நாக்கு. அதை நான் மறுக்கவே இல்லை. நாக்கு மாப்பிள்ளைங்க அய்யா. மாப்பிள்ளையே மாப்பிள்ளைத் தோழனா இருக்க முடியுமா? பக்கத்துல நின்னு தோள் கொடுக்கிற துணை பல்லு. (கைதட்டல்)

ஆகவே, பல்லுக்கு எழுத்து வைத்தான் மருத்துவன். எழுத்துக்குப் பல் வைத்தார் தொல்காப்பியர். பல்லு போனா சொல்லு போச்சுன்னு ஒரே வரியிலே தீர்ப்பு எழுதி வெச்சுட்டாங்க நம்ம பாட்டிமாருங்க. அந்தப் பாட்டிமாருங்க தீர்ப்பையே தாங்களும் வழிமொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்க வீட்டிலும் பேச்சைக் குறைச்சுக்கிட்ட பெரியவர் ஒருத்தர் இருப்பாரு. அமைதியாயிட்டாருன்னு விட்டுடாதீங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவர்கிட்ட உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. பல்லு இல்லாமப் பேசாம இருக்காரான்னு பாருங்க.

பேச வாய்ப்பளித்த உங்கள் அனைவருக்கும் ‘ந’வில் தொடங்கும் நன்றி. ‘வ’வில் தொடங்கும் வணக்கம். ரெண்டும் பல்லெழுத்து! (பலத்த, நீண்ட கைதட்டல்)